இருபது போத்தல், ஒரே கோடு

அத்தியாயம் பதினேழு

கேளாத கேள்விக்கு மறுமொழி சொல்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிவலட்சுமி அந்தச் சாதி.

மூத்தவள் பிரேமிளாவைத் தன் மகன் சுகந்தனுக்குக் கேட்டு றஞ்சிதம் வந்திருந்தாள். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் குடியேறியிருக்கும் குடும்பம். பிள்ளைக்குத் தையல் தெரியுமா, நட்சத்திரம் என்ன என்றுதான் றஞ்சிதம் கேட்டாள். சிவலட்சுமியோ, "காணியோட கிணறும் பிள்ளைக்குத்தான். நல்ல தண்ணிக் கிணறு, குடிச்சா இனிக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

கிணறு உப்பு.

அகதி முகாமில் இருந்து ஊர் திரும்பி இரண்டு வருஷமாகிறது. தறப்பாள் கொட்டில் கல்வீடு ஆகிவிட்டது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வந்துவிட்டது. தொண்டு நிறுவனக்காரர் வெட்டித் தந்த கிணறுதான் இன்னும் மனம் மாறவில்லை. அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் கிழமைக்கு மூன்று நாள் பவுசர் என்கிற தண்ணீர் லொறி வருகிறது.

சிவலட்சுமியின் கணவர் சீவரத்தினம் அன்றைக்கே கையைக் கழுவிவிட்டார். "கிணத்தைப் பற்றி நீதான் கதைச்சனி. ஆரும் கேட்டால் நான் வயலுக்குள்ள நிண்டனான் எண்டு சொல்லுவன்."

சொன்னபடியே இன்றைக்கும் விடிய முன்னமே மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டார். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான நாள். வகுப்புப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோக வேண்டும்.

"அம்மா, போத்தலுக்குள்ள கிணத்துத் தண்ணிதானே விட்டனீங்கள்?" சின்னவள் ஹம்சிகா சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டாள். ஏழாம் வகுப்பு. கேள்வி கேட்காமல் அவளுக்குச் சோறும் இறங்காது.

"ஓம் ஓம், கொண்டு போ."

"கலங்கல் ஒண்டும் இல்லையே, அதான் கேட்டனான்."

"வடிச்சு விட்டனான். போ பிள்ளை, மணி அடிக்கப் போகுது."

போத்தலில் இருந்தது நேற்றுப் பின்னேரம் பவுசரில் பிடித்த தண்ணீர். அதைச் சிவலட்சுமி ஒரு பெரிய குற்றமாக நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு, அதுவும் ரீச்சர் கைக்குப் போகிற சாமான் நல்லதாக இருக்க வேண்டாமா? போத்தலில் 'சீவரத்தினம் வீடு' என்று பெயர் வேறு ஒட்டியிருந்தது. போதாக்குறைக்கு றஞ்சிதத்தின் கடைக்குட்டி அபிசாவும் அதே வகுப்பு. பெற்றோர் எல்லாரும் வர வேண்டும் என்று கடிதம் வந்திருந்ததால் றஞ்சிதமும் வருவாள். சம்பந்தம் பேசுகிற வீட்டுக்காரியின் கண்முன்னே உப்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

*

ஹம்சிகாவின் கருவியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கடற்கரை ஊரான பேசாலையில் இருந்து தினமும் பஸ் ஏறி வரும் பெற்றிசியா ரீச்சர், செய்து பார்க்கிற விஞ்ஞானம் என்றால் உயிரை விடுவார். உறிஞ்சுகுழாயின் அடியில் களிமண் உருண்டையை ஒட்டித் தண்ணீரில் நிறுத்தினால், உப்புத் தண்ணீரில் அது கூடுதலாக மேலெழும் என்று கைநூலில் போட்டிருந்தது. பிள்ளைகள் செய்து பார்த்தார்கள். ரீச்சர் ஊரில் இருந்து கொண்டுவந்த கடல் தண்ணீரில் குழாய் எழும்பியது. குளத்துத் தண்ணீரிலும் சற்று உப்புக் கலந்த தண்ணீரிலும் ஒரே மாதிரித்தான் நின்றது.

"இதுக்கு இவ்வளவுதான் பிள்ளையள் ஏலும்" என்று ரீச்சர் விட்டுவிட்டார். ஹம்சிகா விடவில்லை.

தாழுகிற பகுதி பருமனாக இருக்க வேண்டும், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பது மெல்லிசாக இருக்க வேண்டும், அப்போதுதான் சின்ன வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியும் என்று இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்தாள். மருந்தகத்தில் எறியப்போன வெறும் ஊசிமருந்துக் குப்பி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அதற்குள் மணல் போட்டு, றப்பர் மூடியில் ஒரு தென்னை ஈர்க்கைக் குத்தி, ஈர்க்கு தண்ணீர் குடிக்காமல் இருக்க மெழுகுதிரி பூசினாள். சிவப்புப் பேனையால் பன்னிரண்டு கோடு போட்டாள். குப்பி மூழ்கி நிற்கும், ஈர்க்கு மட்டும் வெளியே நிற்கும். எத்தனை கோடு வெளியே தெரிகிறதோ அத்தனை உப்பு.

சரிவரும் வரை பதினொரு ஈர்க்கு முறிந்தது. "விளக்குமாறு பிடிக்கிற கைதான் மிஞ்சும் போல கிடக்கு" என்று சிவலட்சுமி கத்தினாள். ஆனால் பின்வளவில் நின்று பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்தக் கதையைச் சொன்னபோது குரலில் இருந்தது கோபம் இல்லை.

இன்றைக்கு வலயக் கல்விக் கந்தோரில் இருந்து ஆலோசகர் சிங்கராசா வருகிறார். மன்னார்ப் பட்டினத்துக் கண்காட்சிக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரேயொரு ஆக்கம்தான் போகலாம். அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஹம்சிகா வெளியே சொல்லவில்லை. ஆனால் ஒரு கிழமையாக நித்திரையிலும் கோடு எண்ணிக்கொண்டிருந்தாள்.

*

ஒன்பதரைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மண்டபம் என்றால் சுவர் இல்லாத தகரக் கூரை. மேசையில் இருபது பிள்ளைகளின் இருபது போத்தல், ஒவ்வொன்றிலும் வீட்டுப் பெயர். எல்லாம் ஒரே சூட்டுக்கு வர வேண்டும் என்று ஹம்சிகா அவற்றை அரை மணித்தியாலம் முன்னமே நிழலில் அடுக்கிவிட்டிருந்தாள்.

றஞ்சிதம் வந்து சிவலட்சுமிக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தாள். பச்சைச் சேலை, நிமிர்ந்த கழுத்து.

"உங்கட மகள்தான் செய்யிறாவோ?"

"ஓம், சின்னவள்."

"கெட்டிக்காரிதான்" என்றாள் றஞ்சிதம். சிவலட்சுமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சிங்கராசா சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசைக்கு அருகில் வந்தார். "சொல்லுங்கோ பிள்ளை. என்ன காட்டப் போறீங்கள்?"

"எங்கட இரண்டு குடியிருப்பிலயும் எந்தக் கிணத்தில எவ்வளவு உப்பு எண்டு அளந்து காட்டப் போறன் சேர்."

முதல் போத்தலை உயரமான கண்ணாடிச் சாடியில் ஊற்றிக் குப்பியை விட்டாள். ஆடி ஆடி நின்றது. குனிந்து பார்த்தாள். "மூண்டு கோடு."

அபிசா கரும்பலகையில் எழுதினாள். இரண்டாவது போத்தல், மூன்று கோடு. மூன்றாவதும் மூன்று.

ஆறாவது போத்தலில் ஹம்சிகாவின் குரல் கொஞ்சம் தணிந்தது. பத்தாவதில் அவள் ஈர்க்கைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் விட்டுப் பார்த்தாள். 'சீவரத்தினம் வீடு', மூன்று கோடு. 'றஞ்சிதம் வீடு', மூன்று கோடு. இருபது போத்தலும் முடிந்தபோது கரும்பலகையில் மூன்றைத் தவிர வேறு எண்ணே இல்லை.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"உங்கட கருவி அசையிறதே இல்லைப் போல கிடக்கு பிள்ளை" என்றார் சேர். அவர் கேலியாகச் சொல்லவில்லை, அதனால்தான் அது கூடுதலாகக் குத்தியது.

பெற்றிசியா ரீச்சர் அவசரமாகக் கடல் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். அதில் ஈர்க்கு முழுவதும் எழும்பிக் குப்பியின் கழுத்தே வெளியே வந்தது. சேர் தலையை ஆட்டினார். "கடல் தண்ணிக்கு உறிஞ்சுகுழாயும் எழும்பும் ரீச்சர்."

தன் போத்தல் ஒன்றுதான் பொய் என்று சிவலட்சுமி நினைத்திருந்தாள். மற்றப் பத்தொன்பதும் ஏன் மூன்று காட்ட வேண்டும்? மெல்லத் திரும்பிப் பார்த்தாள். எதிர்வரிசைத் தாய்மார் கூரையைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள், மடியில் இருந்த பிள்ளையின் தலையில் பேன் பார்த்தார்கள். ஒருத்தியும் மேசையைப் பார்க்கவில்லை.

அடக் கடவுளே, எல்லாருமா!

ஹம்சிகா அழவில்லை. அவளுக்கு அழுகை வரும் என்று பயந்து ரீச்சர் கிட்டப் போனார், அவளோ உப்புப் பைக்கற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு போத்தல் தண்ணீரில் ஒரு கரண்டி உப்புப் போட்டுக் கலக்கினாள். குப்பியை விட்டாள். ஆறு கோடு. இன்னும் கொஞ்சம் போட்டாள். எட்டு.

"கருவி பிழையில்லை சேர்."

"அப்ப?"

ஹம்சிகா சாடியைக் கழுவி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்ற நீலத் தண்ணீர்த் தாங்கிக்குப் போனாள். பவுசர் நிரப்புகிற தாங்கி அது. குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் தெரிய மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, குப்பியை விட்டாள்.

மூன்று கோடு.

"இருபதும் ஒரே தண்ணி சேர்" என்றாள் ஹம்சிகா. "ஒருதரும் கிணத்தில அள்ளேல்லை."

சிங்கராசா சேர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "முப்பது வருஷம் படிப்பிச்சனான் ரீச்சர். தாய்மாரை அளக்கிற கருவியை இண்டைக்குத்தான் பார்க்கிறன்."

தாய்மாரும் வெட்கத்தோடு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் யோசிச்சிருக்கிறீங்கள் பிள்ளை. ஆனா கிணறுகளைப் பற்றிச் செய்யிறன் எண்டு சொல்லிப்போட்டு ஒரு கிணத்தைத்தன்னும் காட்டாமல் நான் உங்களை எப்பிடி மன்னாருக்கு எழுதுறது? பதினொண்டரைக்கு நான் நானாட்டான் பள்ளிக்கூடத்தில நிக்க வேணும். கிட்டடியில ஆரும் வீட்டுக் கிணறு இருக்கோ?"

பள்ளிக்கூட வேலிக்கு அடுத்த காணி சீவரத்தினத்தினுடையது. வேலிக்கிட்டப் போய் எட்டிப் பார்த்தாலே கிணற்றுக் கப்பி தெரியும்.

ஹம்சிகாவுக்கும் தெரியும். அவள் வேலிப்பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு றஞ்சிதத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சாடியின் விளிம்பை விரலால் துடைக்கத் தொடங்கினாள்.

"இல்லை சேர்" என்றாள்.

சிவலட்சுமிக்கு அப்போதுதான் விளங்கியது. அக்காவின் கலியாணத்துக்காகப் பிள்ளை தன்னுடைய மன்னாரை விடுகிறாள். அம்மா சொன்ன பொய்யை, அம்மாவிடம் கேட்காமலே, பன்னிரண்டு வயதில் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறாள். கேள்வி கேட்காமல் சோறு இறங்காத பிள்ளை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சிவலட்சுமி எழுந்தாள். கதிரை பின்னால் விழுந்தது. அதைத் தூக்கி வைக்கக்கூட அவள் நிற்கவில்லை.

*

வாளியோடு அவள் வேலிக் கடப்பால் திரும்பி வந்தபோது சேலைக் கரை நனைந்திருந்தது. நேராக மேசைக்குப் போய் வாளியை வைத்தாள்.

"எங்கட கிணறு" என்றாள். "இப்ப அள்ளினது. போத்தலுக்குள்ள நான் விட்டது பவுசர்த் தண்ணி. பிள்ளையில பிழையில்லை சேர்."

ஹம்சிகா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். சாடியில் தண்ணீரை ஊற்றி மற்றப் போத்தல்களோடு நிழலில் வைத்தாள்.

"இப்பவே விடேலாது சேர். கிணத்துத் தண்ணி குளிர். குளிர் தண்ணியும் கருவியைக் கொஞ்சம் தூக்கும். எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்தால்தான் நியாயம். அரை மணித்தியாலம் வேணும்."

சேர் கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய், நானாட்டானுக்கு வரப் பிந்தும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த அரை மணித்தியாலம் போல ஊர்ந்து போன நேரம் முகாமிலும் இருந்ததில்லை. சிவலட்சுமி பழைய இடத்திலேயே வந்து அமர்ந்தாள். விழுந்த கதிரையை றஞ்சிதம் தூக்கி நிறுத்தியிருந்தாள்.

"குடிச்சா இனிக்கும் எண்டு சொன்னியள்" என்றாள் றஞ்சிதம், முன்னால் பார்த்தபடி.

"சொன்னனான்."

"பிறகு?"

"பிறகென்ன, அளக்கட்டும். கேட்டுக்கொண்டு போங்கோ."

இப்படிச் சொல்லத் தனக்கு வாய் வந்தது சிவலட்சுமிக்கே ஆச்சரியம். சம்பந்தம் போய்விடும் என்ற பயம் போகவில்லை. பிரேமிளாவின் முகம் வந்து வந்து போனது. ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய கந்தோர் உத்தியோகத்தரையே காக்க வைத்துக்கொண்டு நின்ற சின்னவளைப் பார்க்கப் பார்க்க, அவளுக்குத் தலை குனிய மனம் வரவில்லை.

நேரம் வந்தது. ஹம்சிகா குப்பியை விட்டாள். ஈர்க்கு தாழ்ந்தது, எழும்பியது, நின்றது. கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய் எண்ணினாள். பிறகு நிமிர்ந்து, கடைசி வரிசைக்கும் கேட்கச் சொன்னாள்.

"சீவரத்தினம் வீட்டுக் கிணறு. ஒன்பது கோடு."

அபிசா கரும்பலகையில் மூன்றை அழித்து ஒன்பது எழுதினாள்.

சேர் தானும் குனிந்து எண்ணிப் பார்த்தார். தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். இரண்டாம் வரிசையில் இருந்த ஒருத்தி எழும்பி வந்தாள். "பிள்ளை, எங்கட போத்தலைத் தா. ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வாறன்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒன்பது சொல்லியும் ஒருத்தி செத்துப்போகவில்லை என்று கண்ட பிறகு யாருக்கு வெட்கம்? மத்தியானம் ஒரு மணிக்குள் பதினாறு போத்தல் வந்துவிட்டது. அவற்றையும் நிழலில் வைத்துச் சூடு சரியான பிறகே ஹம்சிகா அளந்தாள். ஏழு, பதினொன்று, எட்டு, ஐந்து. ஒரு வீட்டுக் கிணறு மட்டும் நாலு காட்டியது. அந்த வீட்டுக்காரி அதிஷ்டலாபச் சீட்டு விழுந்தவள் மாதிரி நின்றாள்.

சேர் நானாட்டானுக்குப் போகவே இல்லை.

"கண்காட்சிக்கு இந்தப் பிள்ளைதான் ரீச்சர். கருவியோட இந்தக் கரும்பலகைக் கணக்கையும் பெரிய தாளில எழுதிக் கொண்டு வரட்டும்." பிறகு சிவலட்சுமியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களும் கட்டாயம் வர வேணும்."

"வாறன் சேர்" என்றாள் சிவலட்சுமி. பெருமை என்றால் அது சொல்லித் தீராத பெருமை. ஊர் முழுக்கக் கேட்கத் தன் கிணற்றை உப்பு என்று சொன்ன பிள்ளையை நினைத்து ஒரு தாய் இப்படிப் பூரிப்பாள் என்று காலையில் யாரும் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. மேசையில் 'றஞ்சிதம் வீடு' போத்தலையும் காணவில்லை.

*

வீட்டில் பிரேமிளா தையல் மெசினில் இருந்தாள். நடந்ததை ஹம்சிகாதான் ஒன்று விடாமல் சொன்னாள். சிவலட்சுமி குசினி நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"என்னில கோவமோ பிள்ளை?" என்று கடைசியில் கேட்டாள்.

பிரேமிளா நூலைப் பல்லால் அறுத்தாள். "நீங்கள் கிணறு இனிக்கும் எண்டு சொன்ன அண்டைக்குத்தான் கோவம் வந்தது. இண்டைக்கு இல்லை."

மெசின் திரும்ப ஓடத் தொடங்கியது.

நாலு மணிக்கு வாசல் படலையில் சைக்கிள் மணி அடித்தது. சுகந்தன்! மாப்பிள்ளைப் பேச்சு நடக்கிற வீட்டுக்குத் தனியாக அவன் வருவது இதுதான் முதல் தரம். கையில் ஒன்றரை லீற்றர்ப் போத்தல். 'றஞ்சிதம் வீடு' என்று அபிசாவின் எழுத்து.

"அம்மா தந்து விட்டவ" என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "எங்கட கிணத்துத் தண்ணி. ஹம்சிகாவிட்டைக் குடுத்து அளப்பிச்சுக்கொண்டு வரட்டாம். எத்தினை கோடு எண்டாலும் மறைக்காமல் சொல்லட்டாம். நாளைக்குக் காலமை தான் வாறாவாம், கதைக்க."

"என்ன கதைக்கவாம் தம்பி?" சிவலட்சுமி முற்றத்துக்கு இறங்கினாள்.

"அது சொல்லேல்லை."

மெசின் நின்றது. பிரேமிளா எழுந்து வந்தாள். பேச்சு முற்றாகாத பிள்ளை மாப்பிள்ளைக்கு முன்னால் படலை வரை போகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் இல்லை. அவள் போனாள். கையை நீட்டிப் போத்தலை வாங்கினாள். சுகந்தன் நிமிர்ந்து பார்த்தான்.

"தங்கச்சி அளந்து சொல்லுவாள்" என்றாள் பிரேமிளா. "ஆனா அதுக்கு முதல் மாமியிட்டை ஒண்டு சொல்லுங்கோ. உங்கட கிணறு பன்னிரண்டு கோடு காட்டினாலும் எனக்குக் காரியமில்லை."

சிவலட்சுமி ஏசத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

சுகந்தன் சைக்கிளைத் திருப்பினான். கொஞ்சத் தூரம் உருட்டிக்கொண்டு போனவன், ஏறி ஓடுவதற்கு முன் ஒரு தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நாளைக்கு றஞ்சிதம் என்ன முகத்தோடு வந்து இறங்குவாள் என்று சிவலட்சுமிக்குத் தெரியவில்லை. எந்த முகத்தோடு வந்தாலும், தன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அவளை வாங்கோ என்று கூப்பிடலாம் என்பது மட்டும் தெரிந்தது.